குளக்கரையில் வேலை செய்கிறவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

கேட்டவர் கோவைக்குக் கிழக்கே ஒரு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அவர்கள் ஊர்க் குளத்தின் கரையில் இரண்டு கிலோமீட்டருக்கு நடைபாதை, அதை ஒட்டி ஒரு சின்னத் தோப்பு. ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது, இருபத்தைந்து பேர் வந்து முள் வெட்டி, குப்பை பொறுக்கி, கன்றுகளைப் பிழைக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பாராட்டு விழா எடுக்கச் சங்கம் நாற்பதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. மண்டபம் பிடித்து, பொன்னாடை போர்த்தி, ஆளுக்கு ஒரு ஷீல்டு கொடுத்தால் போதுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்பது கேள்வி.

ஷீல்டு வேண்டாங்க. எங்கள் வீட்டு பீரோ மேல் நான்கு இருக்கின்றன. ஒன்றில் என் இனிஷியல் தப்பு. இன்னொன்றில் நான் செய்யாத வேலைக்குப் பாராட்டு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கித் துடைத்து அதே இடத்தில் ஏற்றிவிடுவோம். நானும் பதினோரு வருடமாக ஒரு குளக்கரையில் வேலை செய்கிறவன். பாராட்டு வாங்கியிருக்கிறேன், பாராட்டு விழா நடத்திக் காரியத்தைக் கெடுத்தும் இருக்கிறேன். கெடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

2015 ஐப்பசியில் எங்கள் கரையில் முந்நூறு கன்று நட்டோம். வேம்பு, புங்கன், பூவரசு, நீர்மருது, கொஞ்சம் இலுப்பை. நடுகிற அன்றைக்குக் கூட்டத்துக்கு என்ன குறைச்சல்? ஒரு குழிக்கு நாலு பேர் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்த மாவட்டங்கள் என்று அரசே அறிவித்தது. குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஞாயிறுதோறும் தண்ணி லாரி பிடித்து ஊற்றினோம். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றுகிற தண்ணீர் சித்திரை வெயிலுக்கு எந்த மூலைக்கு? கண்ணுக்கு முன்னால் கன்றுகள் கருகின. பாதையின் தெற்கு முனையில் ஒரு நாற்பது கன்று மட்டும் தளதளவென்று நின்றது. அங்கே மண் நல்ல மண் போலிருக்கிறது என்று நாங்களே பேசிக்கொண்டோம்.

2018 குடியரசு தினத்தன்று விழா வைத்தோம். வருகை நோட்டை எடுத்து, இருபது ஞாயிறுக்கு மேல் வந்தவர்கள் யார் என்று எண்ணி, பதினெட்டுப் பேருக்குப் பொன்னாடை. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து, மரங்கள் தரும் ஆக்சிஜனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். எல்லாம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். தெற்கு முனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாதான் காபி கொடுத்தது. டம்ளர் கழுவிக்கொண்டே கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் அவர் சிரித்தபடி சொன்னது என் காதில் விழுந்தது: "நம்ம கன்னுக்கும் ஒரு சால்வை போட்டிருப்பாங்கன்னு பார்த்தேன்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மத்தியானம் கடை எடுத்து வைத்த பிறகு, அரிசி களைந்த தண்ணீரும் மிச்சமிருந்த குடிதண்ணீரும் இரண்டு மூன்று குடமாகத் தினமும் சுமந்துபோய் ஊற்றியிருக்கிறார். மாசியில் தொடங்கி ஆனி வரைக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் வியாபாரம் அதிகம், அதனால் எங்கள் நோட்டில் அவர் பெயர் ஒரு தடவைகூட இல்லை. மறுநாள் நாலு பேர் சால்வையோடு போனோம். "அதெல்லாம் எதுக்குங்க கண்ணு, போங்க, கடையில ஆளு நிக்குது" என்றார். கோபம் இல்லை. ஆனால் அந்தக் கோடையில் தெற்கு முனைக்குத் தண்ணீர் போகவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். "இருபது, இருபத்தைந்து பேர்" என்கிறீர்களே, இருபதா, இருபத்தைந்தா? அந்த ஐந்து பேர் யார்? அது தெரியாமல் விழாவுக்குத் தேதி குறிக்காதீர்கள். பாராட்டு என்று நாம் சொல்வதில் முக்கால் பங்கு, அவர் செய்த வேலை நமக்குத் தெரியும் என்று காட்டுவதுதான். தெரிந்துகொள்ளாமல் போர்த்துகிற பொன்னாடை வெறும் துணி. திருப்பூருக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு துணி கொடுத்து யாரையாவது அசத்த முடியுமா, சொல்லுங்கள்.

இரண்டு மாதம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டு வாங்கி, பாதையில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வெவ்வேறு நேரங்களில் நடந்து பாருங்கள்: விடிகாலையில், மத்தியானம், இருட்டுகிற நேரத்தில். கூட ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மரம் மரமாக நின்று, "இது பிழைத்தது யாரால்?" என்று மட்டும் கேளுங்கள். பொதுவாக "இங்கே யாரெல்லாம் நன்றாக வேலை செய்கிறார்கள்" என்று கேட்டால் எல்லோரும் தலைவர் பெயரைத்தான் சொல்வார்கள். குறிப்பிட்ட ஒரு மரத்தைக் காட்டிக் கேட்டால்தான் உண்மை வரும்.

நாங்கள் அப்படி நடந்தபோது யார் யாரெல்லாம் அகப்பட்டார்கள் தெரியுமா? தினமும் ஐந்து மணிக்கு நடக்க வருகிற ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர், ராத்திரி குடித்துவிட்டு உடைத்துப்போட்ட பாட்டில் சில்லுகளை ஒரு கோணிப்பையில் பொறுக்கிவிட்டுத்தான் நடையையே ஆரம்பிப்பார். மற்றவர்கள் வரும்போது பாதை சுத்தமாக இருக்கும், அது தானாகவே சுத்தமாக இருப்பதாக நினைத்திருந்தோம். கணபதிப் பக்கம் லேத் வைத்திருக்கும் ஒருவர் ஒரு ஞாயிறுகூட வந்ததில்லை, ஆனால் எங்கள் மம்பட்டிக்கெல்லாம் கழுத்து வைத்துக் கொடுத்து, கொடுவாள் சாணை பிடித்துக் கொடுத்தது அவர்தான், காசு வாங்கியதில்லை. திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளுக்குக் கலெக்டர் அலுவலகத்துக்குப் பத்து தடவைக்கு மேல் மனு எடுத்துக்கொண்டு அலைந்து, குளத்துக்குள் சாக்கடை விடுவதை நிறுத்த வைத்த ஒரு டீச்சரம்மா. எல்லோரையும் விட எனக்குப் பிடித்தவர் ஒரு ஆடு மேய்க்கிற பெரியவர். கன்று நட்ட நாளிலிருந்து முப்பது உருப்படியை மேற்குக் கரை வழியாகச் சுற்றி ஓட்டிக்கொண்டு போகிறார். தினமும் ஒன்றரை கிலோமீட்டர் அதிக நடை. அவர் எதையும் செய்யவில்லை, செய்யாமல் விட்டார். அவர் ஒரு வாரம் மனம் மாறியிருந்தால் எங்கள் முந்நூறு கன்றும் காலி. கிளுவை வேலி, இரும்புக் கூண்டு எல்லாம் ஆட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை.

தூய்மைப் பணியாளர்களையும் நோட்டில் எழுதுங்கள். அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள், தன்னார்வலர் இல்லை என்று யாராவது சொல்வார்கள். சரிதான். ஆனால் நாம் ஞாயிறு காலை பொறுக்கிக் கட்டி வைக்கிற நாற்பது மூட்டைக் குப்பையைத் திங்கட்கிழமை தூக்குவது அவர்கள். நமக்கு அது பொழுதுபோக்கோடு சேர்ந்த புண்ணியம், அவர்களுக்கு அது அன்றைய வேலைக்கு மேல் வந்து விழுந்த கூடுதல் பாரம்.

அப்புறம், பறவை பார்த்துக் குறித்து வைக்கிறவர்கள். எந்தக் குழுவிலும் ஒன்றிரண்டு பேர் மம்பட்டியைத் தொடாமல் கழுத்தில் தொலைநோக்கியோடு திரிவார்கள், மற்றவர்களுக்கு அவர்கள் மேல் கொஞ்சம் எரிச்சல் இருக்கும். திருப்பூர் நஞ்சராயன் குளத்தை நினைத்துப் பாருங்கள். 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வரித்தலை வாத்து அங்கே வருகிறது, எந்த மாதம் வருகிறது, எத்தனை வருகிறது என்று உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் வருடக்கணக்கில் குறித்து வைத்த கணக்கு இல்லாமல் அந்தக் குளத்தின் மதிப்பு வெளியே தெரிந்திருக்குமா? தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் குளத்தில் யாராவது ஒரு மாணவி அதைச் செய்துகொண்டிருந்தால், அவருடைய பட்டியலை அச்சடித்துப் பாதையின் நுழைவில் அவர் பெயரோடு ஒட்டுங்கள். அதைவிடப் பெரிய மரியாதை அந்தப் பெண்ணுக்கு வேறில்லை.

இந்த ஊருக்கு மரியாதை செய்வது புதிதில்லை. கொங்கில் பல இடங்களில் புலிகுத்திக்கல் பார்க்கலாம். பட்டியைக் காக்கப் புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கு ஊரார் வைத்த நடுகல். ஈட்டியோ கத்தியோ புலிமேல் பாய்ந்தபடி இருக்கும். அந்தக் கல்லில் என்ன இருக்கிறது என்று கவனித்தீர்களா? அவன் நல்லவன், வல்லவன் என்று பட்டம் எதுவும் செதுக்கவில்லை. அவன் செய்த காரியத்தை அப்படியே செதுக்கி வைத்திருக்கிறார்கள். பார்க்கிறவனுக்கு நூறு வருடம் கழித்தும் புரிகிறது.

சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் ராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போன பழைய வணிகப் பாதையின் பெயர் சொல்லும் சோழர் காலக் கல். அதில் அரசன் பெயர் இருக்கிறது. முள் வெட்டி, மேடு தட்டி, அந்தப் பாதையை மழைக்கு மழை சரி செய்தவர்கள் யார் என்று கல்லில் தேடினால் கிடைக்காது. நம் நடைபாதையில் நிற்கிற மரக்கூண்டுகளும் அந்த வழக்கத்தைத்தான் பின்பற்றுகின்றன. "உபயம்: இன்னார் மில்ஸ், இன்னார் ஜுவல்லர்ஸ்" என்று மேலே பெரிதாக எழுதியிருக்கும். கூண்டுக்குப் பணம் கொடுத்தவர் பெயர் இருக்கட்டும், தப்பில்லை, அவர் கொடுக்காவிட்டால் கூண்டு இல்லை. நாங்கள் 2019-ல் அதற்குக் கீழே இன்னொரு தகடு அடித்தோம். "வளர்ப்பு:" என்று போட்டு, எந்தக் கன்றை யார் மூன்று வருடம் பார்த்துக்கொண்டாரோ அவர் பெயர். சாதாரணத் தகரம், கறுப்புப் பெயிண்ட். மூன்று வருடக் கணக்கு ஏனென்றால், நம் மண்ணில் அதுவரை தாங்கிவிட்டால் வேம்பும் புங்கனும் அநேகமாகத் தானே பிழைத்துக்கொள்ளும். அந்தத் தகடு வந்த பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பெயர் போட்டவர்கள் பேரன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். பெயர் இல்லாத கன்றுகளுக்கு ஆள் தேடி வந்தார்கள்.

பேசும்போதும் இதே விதிதான். "சமூக ஆர்வலர்", "பசுமைக் காவலர்", "இயற்கையின் தூதுவர்" என்றெல்லாம் மேடையில் அடுக்கினால் கேட்கிறவருக்கே கூச்சமாக இருக்கும். "போன கார்த்திகையில் இரண்டாவது மதகுக்குப் பக்கம் கரை கசிந்தபோது ராத்திரி பதினொரு மணிக்கு வந்து அறுபது மூட்டை மண் அடுக்கியவர் இவர்" என்று ஒரு வரி சொல்லுங்கள், போதும். அரங்கத்தில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி அந்த நாற்பதாயிரம். பாதிக்கு மேல் அவர்களுடைய வேலையை லேசாக்குவதில் செலவு பண்ணுங்கள். உங்கள் குழுவின் மம்பட்டி, கடப்பாரை, சட்டி, கொடுவாள் எல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன? யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கும், ஏழு வருடமாக அந்த வீட்டுப் பெண்மணி அதைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருப்பார். கரையிலேயே பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி ஒன்று வையுங்கள், அந்த அம்மாவே உங்களைப் பாராட்டுவார். கம்பூட் வாங்கிக் கொடுங்கள். நம் பக்கம் கரைப்புல்லில் கண்ணாடி விரியன் சர்வ சாதாரணம், செருப்புக் காலோடு சீமைக்கருவேல முள்ளை இழுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. முழங்கை வரைக்கும் வருகிற தோல் கையுறை, அது அடுத்தது. பார்த்தீனியம் பிடுங்குகிறவர்களுக்கு அரிப்பும் மூச்சிரைப்பும் வரும், அவர்களுக்குக் கையுறையோடு முகக்கவசமும் வேண்டும். முள் குத்தினால், துரு குத்தினால் டி.டி. ஊசி போட்டுக்கொள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நாள் கூட்டமாகக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

காப்பீடு பற்றி யாரும் யோசிப்பதில்லை. மத்திய அரசின் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு வருடம் 20 ரூபாய்தான் பிரீமியம். 18 வயது முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள யாரும் சேரலாம், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். அவரவர் கணக்கிலிருந்துதான் பிடிப்பார்கள், ஆகவே உங்கள் பங்கு பணம் கொடுப்பதில் இல்லை. படிவத்தை எடுத்துக்கொண்டுபோய்க் குளக்கரையிலேயே உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கி வங்கியில் சேர்ப்பதில் இருக்கிறது. அதற்கு அலைகிற ஆள்தான் கிடைக்க மாட்டார்.

இட்லிக் கடை அம்மா கதைக்கு இங்கேதான் முடிவு. வளர்ப்புத் தகடு அடிக்கும்போது மறுபடி போனோம். "என்ற பேரெல்லாம் வேண்டாங்க. பேரு போடற காசுக்கு அந்த முனையில ஒரு குழாய் போட்டீங்கன்னா, குடம் தூக்காம ஊத்திப்போடுவேன்" என்றார். பிரதானக் குழாயிலிருந்து இணைப்பு எடுத்து, ஒரு சின்டெக்ஸ் தொட்டி வைத்து, முப்பது மீட்டர் ஓஸ் வாங்கிக் கொடுத்தோம். விழாவுக்குச் செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. முதலிலேயே அவரிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டிருக்க வேண்டும், நாங்கள் சால்வையைத் தூக்கிக்கொண்டு போனோம்.

தொட்டியோ, தகடோ, பெட்டியோ வைப்பதற்கு முன்னால் குளம் யாருடையது என்று பார்த்துவிடுங்கள். நீர்வளத்துறையா, மாநகராட்சியா, ஊராட்சியா என்பது குளத்துக்குக் குளம் மாறும். கடிதம் கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொண்டால் நாளைக்கு ஒரு புது அதிகாரி வந்து பிடுங்கச் சொல்ல மாட்டார்.

விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண்டபம் வேண்டாம். வேலை நடந்த இடத்தில் வையுங்கள். டிசம்பர் 5 சர்வதேசத் தன்னார்வலர் தினம் என்று காலண்டரில் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் கரை சேறாக இருக்கும். பொங்கலுக்கு அடுத்து நம் பக்கம் பூப்பறிக்கிற நோன்பு வருகிறதே, பெண்டு பிள்ளைகள் ஆவாரம்பூ பறிக்கக் கூட்டமாகக் கிளம்புவார்கள், அந்தச் சமயம் அருமை. குளத்தில் தண்ணீர் இருக்கும், பறவை இருக்கும், வெயில் கடுக்காது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வரச் சொல்லுங்கள். ஞாயிறு ஞாயிறாக வீட்டில் காத்திருந்தவர்களுக்கும் அது ஒரு கணக்குத் தீர்ப்பது.

கும்மி தெரிந்த குழு பக்கத்தில் இருந்தால் விடாதீர்கள். இப்போது கோவை, திருப்பூர், ஈரோடு எங்கும் வள்ளி கும்மிக் குழுக்கள் ஊருக்கு ஊர் கிளம்பியிருக்கின்றன. வாத்தியாரிடம் முன்கூட்டியே நோட்டைக் கொடுத்துவிட்டால், மெட்டுக்குள் பெயர்களையும் வேலையையும் கோத்துவிடுவார். ஆடு மேய்க்கிற பெரியவர் மேற்குக் கரையில் சுற்றிப்போனதைக் கும்மிப் பாட்டில் கேட்டுவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். நாங்கள் செய்ததிலேயே உருப்படியான ஒன்று அதுதான்.

சில சங்கடங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் மரியாதை யாருக்கு என்பதில் இந்த ஊரில் கோயில்களே பூட்டப்பட்ட கதைகள் உண்டு, பரிவட்டம் யாருக்கு முதலில் என்று கோர்ட் வரைக்கும் போயிருக்கிறார்கள். அதே பூதம் குளக்கரைக்கும் வரும். நீங்கள் வரிசையை உங்கள் இஷ்டத்துக்குப் போடாதீர்கள். பாதையின் வடக்கு முனையில் தொடங்கித் தெற்கு வரைக்கும், மரம் நிற்கிற வரிசையில் பெயரைப் படியுங்கள். யாரும் வாயைத் திறக்க முடியாது, மரம் அங்கேதான் நிற்கிறது. மேடை போடாதீர்கள், மேடை இருந்தால் நாற்காலி வரும், நாற்காலி வந்தால் யார் நடுவில் என்ற கேள்வி வரும். அரசியல்வாதியைக் கூப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, குழாய் இணைப்புக்கு நாளைக்கு அவரிடம்தான் போக வேண்டும். ஆனால் பேச வேண்டாம், வந்து தகடு அடிக்கட்டும், சுத்தியலைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் டம்ளரும் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, பிளாஸ்டிக் பொறுக்குகிறவர்களைப் பாராட்டிவிட்டு அவர்களே திங்கட்கிழமை பொறுக்கும்படி தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் போட்டுவிட்டுப் போன விழாக்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அப்புறம், தயவுசெய்து நினைவுப்பரிசாக மரக்கன்று கொடுக்காதீர்கள். ஏழு வருடமாகக் கன்றுக்குத் தண்ணீர் சுமக்கிறவர் கையில் இன்னொரு கன்றைக் கொடுப்பது பாராட்டா, தண்டனையா?

கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் சான்றிதழ் கொடுங்கள், ஒழுங்காகக் கொடுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்கள் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை காட்ட வேண்டும். "சிறப்பாகப் பணியாற்றினார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஒரு பயனும் இல்லை. எத்தனை நாள், எத்தனை மணி, என்ன வேலை, எதைக் கற்றுக்கொண்டார் என்று எழுதி, யார் கையெழுத்திட்டாரோ அவர் பெயரோடு கொடுங்கள். வேலைக்குப் போகும் நேர்முகத்தில் அது பேசும்.

அரசு அங்கீகாரமும் கேட்டு வாங்க வேண்டியதுதான், தானாக வராது. உங்கள் குளம் ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் கிராம சபையைப் பிடியுங்கள். இப்போது வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது, அதில் மார்ச் 22 உலக தண்ணீர் தினக் கூட்டம் இதற்கென்றே அமைந்த மாதிரி. இன்னின்னார் இந்தப் பாதையைப் பராமரித்து வருகிறார்கள் என்று பெயர்களோடு தீர்மானம் போட்டுப் புத்தகத்தில் ஏற்றிவிட்டால், அது ஊர் ஆவணம். ஷீல்டு துருப்பிடித்துவிடும், தீர்மானப் புத்தகம் அலுவலகத்தில் இருக்கும். நாளைக்குக் கரையில் யாராவது ஆக்கிரமிப்புச் செய்ய வந்தால், இத்தனை வருடமாக இது பொதுப்பாதையாகப் பராமரிக்கப்படுகிறது என்று காட்டவும் அது உதவும். மாநகராட்சி என்றால் வார்டு அளவில் பகுதி சபா இருக்கிறது, அங்கே கேளுங்கள். தமிழ்நாடு அரசின் பசுமை சாம்பியன் விருது 2021-22 முதல் கொடுக்கிறார்கள், வருடம் 100 தனிநபர் அல்லது அமைப்புகளுக்குத் தலா 1 லட்சம். குழுவின் பெயரில் விண்ணப்பியுங்கள். தனி ஆள் பெயரில் போட்டால் மற்ற இருபத்து நாலு பேரும் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நம் கோவையின் பேருந்து நடத்துநர் யோகநாதன் மாதிரி, பயணிகளுக்கு டிக்கெட்டோடு கன்றும் கொடுத்து, 2021 மார்ச்சில் பிரதமரின் வானொலி உரையிலேயே பெயர் வந்தவர்கள் வேறு. அது ஒரு மனிதர் ஆயுசு முழுக்கத் தனியாகச் செய்த வேலை. குளக்கரை வேலை கூட்டு வேலை, அதில் ஒரு முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கினால் குழு உடையும். உடைந்த இரண்டு குழுக்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக, "எனக்கு வேண்டாங்க" என்கிறவர்கள். நம் ஊரில் இது இரண்டு வகை. ஒன்று மரியாதைக்குச் சொல்வது, விருந்தில் இன்னொரு கரண்டி வேண்டாம் என்று கையை இலைக்கு மேல் வைப்பது மாதிரி, மூன்றாவது தடவை கேட்டால் எடுத்துவிடுவார்கள். இன்னொன்று நிஜமாகவே வேண்டாம் என்பது. காலிங்கராயன் வாய்க்காலை வெட்டியவரைப் பற்றி நம் பக்கம் சொல்கிற கதை தெரியுமல்லவா? சொந்த லாபத்துக்காக வாய்க்கால் வெட்டினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, தானும் தன் சந்ததியும் அந்தத் தண்ணீரைத் தொடமாட்டோம் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனாராம். அந்த மாதிரி ஆட்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது என்றால், தனியாகக் கேளுங்கள், கூட்டத்தில் கேட்காதீர்கள். நிஜமாகவே வேண்டாம் என்பவரை வற்புறுத்தி மேடையேற்றி மாலை போட்டால் அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார். அவர் பெயரைத் தகட்டில் போட வேண்டாம், நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

அந்த நோட்டைச் சொன்னேனே, கோடு போட்ட கெட்டி அட்டை நோட்டாக வாங்குங்கள். ஞாயிறுக்கு ஒரு பக்கம் என்று வைக்காதீர்கள், மரத்துக்கு ஒரு பக்கம் என்று வையுங்கள், எங்கள் தப்பு அங்கேதான் தொடங்கியது. பால்பாயிண்ட் பேனா வேண்டாம், கரையில் கை எப்போதும் ஈரமாக இருக்கும், எழுதாது. பென்சில் போதும். ஒரு சரட்டில் கட்டி நோட்டோடு தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் வாரமே காணாமல் போய்விடும்.